சர்வர் விழுந்த சனிக்கிழமை

அந்தச் சனிக்கிழமை என்ன ஆனாலும் சரி, பெயிண்ட் பிரஷ்ஷைக் கையால் தொடுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

சாதாரண முடிவு இல்லை இது. கல்யாணமானதிலிருந்து நான் சொந்தமாக எடுத்த முடிவுகளை எண்ண ஒரு கையே அதிகம். மூக்குக் கண்ணாடிக்குக் கறுப்பு ஃபிரேம் என்று ஒருமுறை முடிவெடுத்தேன். இப்போது நான் போட்டிருப்பது பழுப்பு ஃபிரேம். அப்படிப்பட்ட ஆள் நான்.

ஆனால் இந்த முறை காரணம் வலுவானது. பேட்மின்டன் ஆடவர் இரட்டையர் இறுதியாட்டம். நம் நாட்டு ஜோடி ஃபைனலுக்கு வந்திருந்தது. பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே இருக்கும் மாமாக் சாப்பாட்டுக் கடையில் பெரிய திரை கட்டுகிறார்கள். பக்கத்து வீட்டு ராதாகிருஷ்ணன் முன்வரிசையில் எனக்கும் ஒரு நாற்காலி பிடித்து வைப்பதாகச் சத்தியமே செய்துவிட்டார்.

அதே சனிக்கிழமைக்கு என் மனைவி மகதலேனா வேறொரு நிகழ்ச்சி வைத்திருந்தாள்.

"என்னங்க, சனிக்கிழமை செராஸ்ல அக்கா வீட்டுக்குப் போறோம்."

"எதுக்கு?"

"கிறிஸ்மஸ் வருதுல்ல? கேட்டுக்கும் வேலிக்கும் பெயிண்ட் அடிக்கணுமாம். அத்தானுக்கு முதுகு வலி."

"எனக்கும்தான் முதுகு இருக்கு."

"இருக்கு. வலிதான் இல்ல."

அத்தான் என்றால் அவள் அக்கா பிரெண்டாவின் கணவர் திமோத்தி. என் சகலை. வேலை செய்யும்போது மட்டும் வலிக்கிற விசேஷமான முதுகு அவருடையது. நான் வெயிலில் நின்று பெயிண்ட் அடிக்க, அவர் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "கிரெக், அந்த மூலையில ஒரு கோட்டிங் குறையுதுலா" என்பார். போன வருஷம் அப்படித்தான் நடந்தது. அதற்கு முந்தைய வருஷமும்.

இந்த இடத்தில் என் ராஜ்ஜியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் அடுப்பு அவளுடையது. அலமாரி அவளுடையது. டிவி ரிமோட் அவளுடையது. கார் ஓட்டுவது நான். எங்கே ஓட்டுவது என்பது அவளுடையது. ஆனால் வெப்சைட் மட்டும் என்னுடையது.

மகதலேனா சுஜி கேக், அதாவது ரவை கேக், செய்து விற்கிறாள். ஹோட்டலில் அவள் பார்த்துக்கொண்டிருந்த வேலை போனபோது ஒரே ஒரு கேக் அடுப்பை வைத்துக்கொண்டு ஆரம்பித்தது. இன்று கிள்ளானிலிருந்து அம்பாங் வரை அவள் கேக் இல்லாமல் கிறிஸ்மஸ் கொண்டாடாத குடும்பங்கள் இருக்கின்றன. ஆர்டர் எல்லாம் வெப்சைட் வழியாகத்தான். அந்த வெப்சைட்டைக் கட்டியவன் நான். இன்சூரன்ஸ் ஆபீசில் கிளெய்ம் பார்க்கிறவனுக்குக் கம்ப்யூட்டர் எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். பல வருஷமாக அது நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிறதைத் தொடக் கூடாது என்பது என் கொள்கை.

புதன்கிழமை ஆபீசில் இருக்கும்போது அந்த மெயில் வந்தது. எங்கள் சைட்டைத் தன் சர்வரில் வைத்திருக்கும் ஹோஸ்டிங் கம்பெனி அனுப்பியிருந்தது. வெள்ளிக்கிழமை சர்வரின் அமைப்புகளை மாற்றப்போகிறோம். பழைய மென்பொருளில் ஓடும் சில சைட்டுகள் அதனால் திறக்காமல் போகலாம். அப்படி ஆனால் பதற வேண்டாம். கன்ட்ரோல் பேனலுக்குள் போய்ப் பழைய வெர்ஷனைத் தேர்ந்தெடுத்து, சேமி என்பதை அழுத்தவும். அவ்வளவுதான் விஷயம்.

தேர்ந்தெடுக்க ஒரு கிளிக். சேமிக்க ஒரு கிளிக்.

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் எந்தக் கம்பெனியும் எனக்கு இப்படி ஒரு பரிசு தந்ததில்லை. சனிக்கிழமை காலை சைட் விழும். நான் ஐயோ என்று அலறுவேன். முழுநாள் வேலை என்பேன். அவள் தனியாகச் செராஸ் போவாள். நான் இரண்டு கிளிக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கி முன்வரிசையில் உட்காருவேன். வந்திருப்பது ஜலதோஷம். ஆபரேஷன் என்று சொல்லப்போகிறேன். அவ்வளவுதான்.

வியாழக்கிழமை சாப்பாட்டு மேசையிலேயே அடித்தளம் போட்டேன். ஒரு பெருமூச்சு விட்டேன்.

"என்ன?" என்றாள்.

"ஒண்ணுமில்ல லேனா. சர்வர் பக்கம் ஒரு மாதிரி இருக்கு. சனிக்கிழமை என்ன ஆகுமோ."

கரண்டியை வைத்துவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"என்ன ஆகும்?"

"சொல்ல முடியாது. சர்வர் இல்லியா."

"அப்படியா," என்று மட்டும் சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள். விதை போட்டாயிற்று, முளைத்துவிடும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை எழுந்து கம்ப்யூட்டரைத் திறந்தேன். கம்பெனி வாக்குத் தவறவில்லை. கேக் படம் இல்லை, விலை இல்லை, சிரிக்கும் மகதலேனா இல்லை. வெள்ளைப் பக்கம். நடுவில் ஐந்நூறு என்று ஓர் எண். அதன் கீழே, சர்வரில் கோளாறு என்று ஒரு வரி. அதைவிட அழகான பக்கத்தை நான் பார்த்ததில்லை.

"லேனா! லேனா! ஓடி வா!"

கார் சாவியைக் கையில் சுழற்றிக்கொண்டே வந்தாள். எட்டிப் பார்த்தாள்.

"ஐந்நூறா? கேக் விலையை ஏத்திட்டீங்களா?"

"விலை இல்ல. சர்வர் படுத்துருச்சு."

"எழுப்புங்க."

"அது என்ன நானா, ஒரு சத்தம் போட்டதும் எந்திரிக்க? உள்ள போய் ஒவ்வொரு நட்டா, ஒவ்வொரு போல்ட்டா பாக்கணும்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"நாள் பூரா ஆகும். சில பேருக்கு ரெண்டு நாள்கூட ஆகியிருக்கு."

"பாவம்."

"நானா?"

"இல்ல, அந்தச் சில பேரு." பிறகு கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "கிறிஸ்மஸ் ஆர்டர் வர்ற நேரமாச்சேங்க! நான் வேணா அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டுக் கேக்கவா?"

"அவங்க சொல்ற வார்த்தை எல்லாம் உனக்குப் புரியாது லேனா. டெக்னிக்கல்."

"அதுவும் சரிதான்," என்றாள். அவள் அவ்வளவு சுலபமாக 'அதுவும் சரிதான்' என்று சொன்னது எங்கள் சரித்திரத்திலேயே அதுதான் முதல் தடவை. நான் அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும். ஆனால் என் மனசு அப்போது முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

"அப்ப நான் மட்டும் போயிட்டு வரேன். அங்க சாப்பிடலாம்னு ஒண்ணும் சமைக்கல. இன்ஸ்டன்ட் மீ நூடுல்ஸ் இருக்கு, போட்டுச் சாப்பிடுங்க. டின்ல இருக்குற கேக்கைத் தொடாதீங்க, எல்லாம் ஆர்டர்."

"என் பெயிண்ட் பிரஷ்?" என்று வருத்தமாகக் கேட்டேன். நடிப்பில் ஒரு குறையும் இருக்கக் கூடாது அல்லவா?

"அத்தான்கிட்ட சொல்லிக்கிறேன்," என்று கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

ஜன்னல் வழியாகக் கார் வளைவில் மறையும் வரை பார்த்தேன். பிறகு கைகளைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். கன்ட்ரோல் பேனலைத் திறந்தேன். பழைய வெர்ஷன். கிளிக். சேமி. கிளிக்.

சைட்டைத் திறந்து பார்த்தேன். ஐந்நூறு.

தப்பாக அழுத்தியிருப்பேன் என்று இன்னொரு தடவை செய்தேன். ஐந்நூறு. அதைவிடப் பழைய வெர்ஷன். ஐந்நூறு. எல்லாவற்றையும்விடப் புதிய வெர்ஷன். ஐந்நூறு. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். ஜெபம் செய்து போட்டேன். ஐந்நூறு அசையவில்லை.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. ராதாகிருஷ்ணன் கீழே கடையிலிருந்து போன் அடித்தார்.

"எங்க பாஸ்? வார்ம்அப் ஆரம்பிச்சிட்டாங்க. உங்க நாற்காலிக்காக ரெண்டு பேர்கிட்ட சண்டை போட்டுட்டேன்."

"இதோ வந்துட்டேன். சர்வர்தான் எந்திரிக்க மாட்டேங்குது."

"யாரு, அந்த உயரமான ஆளா? இப்பதானே எனக்கு தே தாரேக் டீ கொண்டாந்து வெச்சான்?"

"அந்த சர்வர் இல்லலா! வெப்சைட் சர்வர். மிஸஸோட கேக் சைட் திறக்க மாட்டேங்குது."

"இருங்க, என் போன்ல பாக்குறேன்." கொஞ்ச நேரம் கடைச் சத்தம் மட்டும் கேட்டது. "திறக்குதே பாஸ்? கேக் படம் எல்லாம் வருது. மேல உங்க மிஸஸ் சிரிக்கிறாங்க."

எனக்கு அவர்மேல் இரக்கமாக இருந்தது. "அது உங்க போன் பழைய பக்கத்தை ஞாபகம் வெச்சிருக்குது. நீங்க பாக்குறது பழசு. உண்மை நிலவரம் என்கிட்டதான் இருக்கு."

"அப்படியா? என்னமோ போங்க. சீக்கிரம் வாங்க."

வேறு வழியில்லாமல் ஹோஸ்டிங் கம்பெனிக்கே போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள்.

"வணக்கம் சார், வாணி பேசுறேன்." சைட் பெயரைச் சொன்னேன். தட்டிப் பார்த்தாள். "எங்க பக்கம் நல்லா ஓடுது சார்."

"என் பக்கம் ஓடலையே."

"ஆமா சார், அது ஏன்னா மேடம் வியாழக்கிழமையே—"

"எந்த மேடம்?"

"மகதலேனா மேடம். அவங்க போன் பண்ணி—"

"வாணி, ஒரு நிமிஷம். மேடத்துக்குக் கேக்குதான் தெரியும். சைட் விஷயம் எல்லாம் நான்தான். டெக்னிக்கலா எதாவது இருந்தா என்கிட்ட சொல்லுங்க."

"டெக்னிக்கலா சொல்லணும்னா சார், ஒரு நாள் சும்மா இருந்தா போதும்."

சும்மா இருந்தால் போதுமாம். என்னைப் பார்த்து! பல வருஷமாக ஒரு சைட்டைக் கட்டிக் காப்பாற்றியவனைப் பார்த்து! நன்றி என்று சொல்லிப் போனை வைத்தேன். இனி யாரையும் நம்பிப் பயன் இல்லை என்று வீடியோக்களுக்குப் போனேன். ஒருத்தர், சந்தேகப்படும் ஃபைலை அழித்துவிட்டுப் பாருங்கள் என்றார்.

நான் எல்லா ஃபைலையும் சந்தேகப்பட்டேன்.

ஒன்றை அழித்தேன். ஐந்நூறு. இன்னொன்றை அழித்தேன். ஐந்நூறு. கீழேயிருந்து ஒரு கூச்சல் கேட்டது. "முதல் செட் நமக்கு!" என்று ராதாகிருஷ்ணன் செய்தி அனுப்பினார். அவசரத்தில் ஒரு முழு ஃபோல்டரையே தட்டிவிட்டேன். உறுதியாகத்தான் அழிக்கிறீர்களா என்று கம்ப்யூட்டர் கேட்டது. என் வீட்டில் என் முடிவு உறுதிதானா என்று கேட்காத பொருளே கிடையாது. ரோஷம் வந்தது. ஆமாம் என்று அழுத்தினேன்.

ஐந்நூறு மறைந்தது!

அதன் இடத்தில், நீங்கள் தேடும் எதுவும் இங்கே இல்லை என்று ஒரு வரி வந்தது.

இதுவரை நோயாளிக்கு நோய். இப்போது நோயாளியையே காணோம். கேக் படங்கள் போய்விட்டன. ஆர்டர் பக்கம் போய்விட்டது. வாடிக்கையாளர்கள் எழுதிய பாராட்டுகள் போய்விட்டன. டெங்கிலிலிருந்து ஒரு அம்மா, தன் மகள் கல்யாணத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் பிரியாணியை மறந்துவிட்டுக் கேக்கைப் பற்றியே பேசினார்கள் என்று எழுதியிருந்தார். மகதலேனா மனசு சரியில்லாத நாட்களில் அதைத் திறந்து படிப்பாள். அதுவும் போய்விட்டது. பேக்கப்? எடுக்க வேண்டும், எடுக்க வேண்டும் என்றுதான் இருந்தேன்.

அப்போது கீழே ஒரு பெரும் சத்தம் எழுந்தது. மேசையைத் தட்டுகிறார்கள். விசில் அடிக்கிறார்கள். மழையையும் மீறிப் பிரிக்ஃபீல்ட்ஸ் முழுக்க ஒரே ஆரவாரம். நம் ஜோடி ஜெயித்துவிட்டது. நான் வெள்ளைத் திரைக்கு முன்னால் ஆறிப்போன மீ கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தேன். ஒரு பந்துகூடப் பார்க்கவில்லை. பேட்மின்டனில் அது பந்தே இல்லை, இறகு என்பதுகூட அப்போது ஞாபகம் வரவில்லை.

சாயங்காலம் கதவு திறந்தது. குடையை உதறிக்கொண்டு உள்ளே வந்தாள். நல்ல சந்தோஷத்தில் இருந்தாள்.

"என்னங்க, சர்வர் எந்திரிச்சிச்சா?"

என்னால் தாங்க முடியவில்லை. "லேனா, உக்காரு. நான் ஒண்ணு சொல்லணும்."

"நின்னுக்கிட்டே கேக்குறேன்."

"உன் சைட் போச்சு."

"எங்க போச்சு?"

"நான் அழிச்சிட்டேன். எல்லாம் போச்சு. படம், ஆர்டர், டெங்கில் அம்மா எழுதுனது, எல்லாம்." ஆரம்பித்துவிட்டால் எனக்கு நிறுத்தத் தெரியாது. "இது முழுநாள் வேலையே இல்ல லேனா. ரெண்டு கிளிக்குன்னு மெயில்ல போட்டிருந்தான். நான்தான் உன்கிட்ட பொய் சொன்னேன். பெயிண்ட் அடிக்கப் பிடிக்கல. பேட்மின்டன் பாக்கணும். ராதாகிருஷ்ணன் நாற்காலி எல்லாம் பிடிச்சு வெச்சிருந்தார். அந்த ரெண்டு கிளிக்கும் வேலை செய்யல. என்னை மன்னிச்சிரு. நாளைக்கே லீவு போட்டு முதல்லேர்ந்து கட்டித் தரேன்."

"நாளைக்கு ஞாயித்துக்கிழமைங்க. லீவுதான்."

அவ்வளவுதான் சொன்னாள். திட்டவில்லை. அழவில்லை. கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். அது அந்த நேரம் பார்த்து டிங் என்று ஒரு சத்தம் போட்டது. உடனே இன்னொன்று.

"என்ன அது?"

"ஆர்டர். காலையிலேர்ந்து வந்துக்கிட்டே இருக்கு." திரையை என் மூக்குக்கு நேராக நீட்டினாள். கேக் படம் இருந்தது. விலை இருந்தது. மேலே மகதலேனா சிரித்துக்கொண்டிருந்தாள். போனுக்குப் பின்னால் நின்ற மகதலேனாவும்தான்.

"இது… இது எப்படி?"

"அக்கவுண்ட் யாரு பேருல இருக்கு? என் பேருல. அந்த மெயில் உங்களுக்கு வர்றதுக்கு முன்னாடி எனக்கு வந்திருச்சு. வியாழக்கிழமை போன் பண்ணேன். வாணின்னு ஒரு பொண்ணு. ரொம்ப நல்ல பொண்ணு. 'இந்த ரெண்டு கிளிக் எல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான் தாங்கும் மேடம், பேசாம புது சர்வருக்கு வந்துருங்க, நாங்களே மாத்தித் தரோம்'னா. சரின்னுட்டேன். இன்னைக்குக் காலையில மாத்திட்டாங்க."

"அப்ப நம்ம கம்ப்யூட்டர்ல ஐந்நூறு?"

"நாம வீடு மாறிட்டோம்ங்க. நம்ம வீட்டு இன்டர்நெட் மட்டும் பழைய அட்ரஸை ஞாபகம் வெச்சுக்கிட்டு அங்கேயே போகும், ஒரு நாள் சும்மா இருந்தா தானா சரியாயிடும்னு வாணி சொன்னா."

"அப்ப நான் காலையிலேர்ந்து…"

"கரண்ட் கட் பண்ணின காலி வீட்டை ரிப்பேர் பார்த்துக்கிட்டு இருந்திருக்கீங்க."

"நான் அழிச்ச ஃபைல் எல்லாம்?"

"பழைய வீட்டுக் குப்பை. அவங்களே வந்து கிளீன் பண்றதா இருந்துச்சாம். வர்ற வழியில வாணி போன் பண்ணா. நீங்களே முடிச்சிட்டீங்களாம். உங்களுக்கு தேங்க்ஸ் சொல்லச் சொன்னா."

டெங்கில் அம்மா பத்திரமாக இருக்கிறார் என்பதில் எனக்கு உண்மையாகவே ஒரு நிம்மதி. அது அடங்கியதும் ரோஷம் தலை தூக்கியது.

"இதை எல்லாம் வியாழக்கிழமையே என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லலாம்னுதான் சாப்பாட்டு மேசைக்கு வந்தேன். நீங்க முந்திக்கிட்டுப் பெருமூச்சு விட்டீங்க. சர்வர் ஒரு மாதிரி இருக்குன்னீங்க. சரி, இந்தக் கதை எங்க வரைக்கும் போகுதுன்னு பார்ப்போமேன்னு விட்டுட்டேன்." சிரிப்பை அடக்கிக்கொண்டு என் தோளைத் தட்டினாள். "பரவால்ல. கடைசியில நீங்களே வந்து ஒத்துக்கிட்டீங்க. நான் இன்னும் ரெண்டு நாள் ஆகும்னு நினைச்சேன்."

பேச்சை மாற்றுவதே புத்திசாலித்தனம் என்று பட்டது. "சரி, பெயிண்ட் எல்லாம் நல்லபடியா அடிச்சு முடிச்சாச்சா?"

"இந்த மழையில எங்கேர்ந்து அடிக்கிறது? அக்கா நண்டு சமைச்சிருந்தா. எல்லாரும் உக்காந்து ஃபைனல் பார்த்தோம். அத்தான் புதுசா வாங்கியிருக்காருல்ல, சுவர் முழுக்கத் தெரியுற அந்த டிவி, அதுல. கடைசி பாயிண்டுக்கு அத்தான் முதுகு வலி மறந்து குதிச்சாரு. நீங்க இல்லாததுதான் குறை."

"நண்டு கொண்டாந்தியா?" என்றேன்.

"மீ சாப்பிட்டிருப்பீங்கன்னு கொண்டாரல." ஈரக் குடையை மாட்டிவிட்டு அடுப்படிப் பக்கம் நடந்தாள். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள். "அந்த பெயிண்ட் வேலை அடுத்த சனிக்கிழமைங்க. அன்னைக்கு மழையும் இல்லையாம், சர்வரும் விழாதாம். வாணிகிட்ட கேட்டுட்டேன்."